அத்தியாயம் 7: நெம்புகோல் பிஸ்டல்கள்

அமெரிக்கப் பழந்துப்பாக்கி சேர்க்க வருபவர்கள் பெரும்பாலும் கோல்ட் ரிவால்வரில் தொடங்கி வின்செஸ்டர் ரைபிளில் போய் நிற்பார்கள். இரண்டுக்கும் நடுவே, 1854-க்கும் 1860-க்கும் இடையில் பிறந்து அதற்குள்ளேயே மடிந்த ஒரு சின்னக் குடும்பம் உண்டு. விசையை ஒட்டித் தொங்கும் வளையத்தில் விரலை நுழைத்து, நெம்புகோலை முன்னே தள்ளிப் பின்னே இழுத்தால் அடுத்த தோட்டா தானாக ஏறும் கைத்துப்பாக்கிகள் அவை. சந்தையில் எல்லாவற்றையும் 'வால்கேனிக்' என்று ஒரே பெயரில் அழைக்கிறார்கள். கறாராகப் பார்த்தால் அந்தப் பெயர் மூன்று தயாரிப்பாளர்களில் ஒருவருக்கே சொந்தம். மூவரையும் பிரித்தறியத் தெரிந்துவிட்டால் வாங்குபவரின் வேலையில் பாதி முடிந்த மாதிரி. மீதிப் பாதி, தேய்த்து மினுக்கிய உலோகத்தைக் கண்டு மயங்காமல் இருப்பது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடலாம். இது வணிகத்தில் தோற்ற ஆயுதம். 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன்' கணினி விளையாட்டில் பார்த்துவிட்டு இதைத் தேடி வரும் இளைஞர்கள் உண்டு. அங்கே இது ஒரே சூட்டில் ஆளைச் சாய்க்கும். நிஜத்தில் அந்தக் காலத்து வாடிக்கையாளர்களே இதன் பலவீனத்தைச் சொல்லித்தான் ஒதுக்கினார்கள். ஏன் தோற்றது என்று புரிந்தவருக்கே எந்தப் பாகம் உடைந்திருக்கும், எது தொலைந்திருக்கும், எது பிறகு செய்து பொருத்தப்பட்டிருக்கும் என்று ஊகிக்க வரும்.

குண்டுக்குள்ளேயே மருந்து

கதை வால்டர் ஹன்ட் என்ற நியூயார்க்காரரிடம் தொடங்குகிறது. ஊக்கு, அதாவது சேஃப்டி பின், இவர் கண்டுபிடிப்புதான். 1849-இல் காப்புரிமை வாங்கி, 400 டாலருக்கு விற்றுவிட்டார். பணம் பண்ணத் தெரியாத மேதை. அதற்கு முந்தைய வருடம், 1848-இல், அவர் ஒரு புதுவகைத் தோட்டாவுக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். கூம்பு வடிவ ஈயக் குண்டின் அடிப்பாகத்தைக் குடைந்து, உள்ளே கருமருந்தை அடைத்து, அடியை மூடிவிடுவது அந்த யோசனை. இதற்கு 'ராக்கெட் பால்' என்று பெயர். தனியாகக் கூடு கிடையாது. சுட்ட பிறகு துப்பாக்கிக்குள் எதுவும் மிஞ்சாது என்பதால் வெளியே தள்ளும் கொக்கியும் தேவையில்லை.

எண்ணிப் பார்க்க அழகான யோசனை. கோளாறும் அங்கேதான் இருக்கிறது. குண்டின் வயிற்றுக்குள் எவ்வளவு மருந்து கொள்ளும்? சிட்டிகை அளவு. ஆகவே வேகம் குறைவு, தாக்கும் பலம் அதைவிடக் குறைவு. கூடு இல்லாததால் வெடித்த வாயு பின்பக்கமும் கசியும். தோட்டா வெடிக்காமல் போனாலோ, அதை இழுத்தெடுக்கக் கொக்கி இல்லாததால், குழல் முனை வழியாகக் குச்சி விட்டுத்தான் தள்ள வேண்டும். எரிந்த கசடு உள்ளே படிந்து உலோகத்தை அரிக்கும். இன்று நீங்கள் பார்க்கப்போகும் பல பிஸ்டல்களின் குழல் உட்புறம் கருத்துக் குழிவிழுந்து கிடப்பதற்கு இதுதான் காரணம். வெளியே கண்ணாடி போலிருந்தும் உள்ளே அரிப்பு இருந்தால் அது குறையே இல்லை. வெளியே நூற்றெழுபது வயது காட்டும் பிஸ்டலின் குழல் உள்ளே மட்டும் புத்தம்புதிதாக மின்னினால் அங்கேதான் நிறுத்தி யோசிக்க வேண்டும்.

ஹன்டின் தோட்டாவைச் சுட வேண்டிய துப்பாக்கியை லூயிஸ் ஜென்னிங்ஸ் திருத்தினார். வெர்மான்ட் மாநிலம் விண்ட்சரில் ராபின்ஸ் அண்ட் லாரன்ஸ் தொழிற்சாலை அதை ரைபிளாகச் செய்தது. அந்தக் கட்டடம் இன்று அமெரிக்கன் பிரிசிஷன் மியூசியம். இந்தத் துறையில் இறங்குபவர் ஒருமுறையாவது போய்ப் பார்க்க வேண்டிய இடம், ஏனென்றால் ஒரே அளவில் பாகங்களைக் கடைந்தெடுத்த அக்கால எந்திரங்களை அங்கே கண்முன் காணலாம். ஜென்னிங்ஸ் ரைபிளும் ஓடவில்லை. அதன் வேலைகளோடு தொடர்புடைய மூன்று கைவினைஞர்கள்தான் பிற்பாடு அமெரிக்கத் துப்பாக்கித் தொழிலையே மாற்றினார்கள்: ஹோரஸ் ஸ்மித், டேனியல் வெஸ்ஸன், பெஞ்சமின் டைலர் ஹென்றி.

மூன்று தயாரிப்பாளர்கள்

முதலாவது ஸ்மித் அண்ட் வெஸ்ஸன். ரிவால்வர் செய்யும் பிற்கால நிறுவனம் அல்ல இது. கனெடிகட் மாநிலம் நார்விச்சில் அதே இருவர் நடத்திய முந்தைய கூட்டு. கோர்ட்லண்ட் பாமர் என்ற முதலாளி பணம் போட்டார். 1854 பிப்ரவரி 14 அன்று அவர்களுக்குக் காப்புரிமை கிடைத்தது. இந்தத் தேதியை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். குடும்பத்தில் பெரும்பாலானவற்றில் இதே தேதிதான் பொறிக்கப்பட்டிருக்கும், பிஸ்டல் எந்த வருடம் செய்யப்பட்டதாக இருந்தாலும். ஏலத்தில் "1854 பிஸ்டல்" என்று விற்பனையாளர் அடித்துச் சொன்னால், அவர் தயாரிப்புத் தேதியைச் சொல்லவில்லை, காப்புரிமைத் தேதியைப் படித்துச் சொல்கிறார் என்று புரிந்துகொள்ளலாம்.

நார்விச் பிஸ்டலின் முதல் அடையாளம் உடற்சட்டம் இரும்பு என்பது. பெரும்பாலானவற்றில் சட்டத்தின் மேல் கொடிவேலைப்பாடு செதுக்கப்பட்டிருக்கும். சிறியது .31 காலிபர், நான்கு அங்குலக் குழல், பெரியது .41 காலிபர், எட்டு அங்குலம். குழலின் மேல் நிறுவனப் பெயரும் நார்விச் ஊர்ப் பெயரும் இருக்கும். எல்லாம் சேர்த்து 1,700 அளவில்தான் செய்யப்பட்டன என்று சேகரிப்பாளர் கையேடுகள் கணிக்கின்றன. பெரியது மிக அரிது.

இரண்டாவது வால்கேனிக் ரிப்பீட்டிங் ஆர்ம்ஸ் கம்பெனி. 1855 ஜூலையில் நியூ ஹேவன், நியூயார்க் முதலீட்டாளர்கள் சேர்ந்து காப்புரிமையை வாங்கி இதைத் தொடங்கினார்கள். பங்கு வாங்கியவர்களில் ஒருவர் ஆலிவர் வின்செஸ்டர். அப்போது அவர் சட்டை தைத்து விற்கும் ஆலை நடத்திக்கொண்டிருந்தார். துப்பாக்கி பற்றி ஒன்றும் தெரியாது, கணக்கு நன்றாகத் தெரியும். உற்பத்தி 1856-இல் நியூ ஹேவனுக்கு மாறியது. இங்கே உடற்சட்டம் பித்தளை. மஞ்சள் சட்டம், நீலப்பூச்சு ஏறிய எண்கோணக் குழல்: இன்று 'வால்கேனிக்' என்றதும் நினைவுக்கு வரும் உருவம் இதுதான். குழல்மேல் நிறுவனத்தின் முழுப்பெயர், நியூ ஹேவன், காப்புரிமைத் தேதி மூன்றும் இருக்கும்.

மூன்றாவது நியூ ஹேவன் ஆர்ம்ஸ் கம்பெனி. வால்கேனிக் கம்பெனி கடனில் மூழ்கியதும் வின்செஸ்டர் சொத்துகளை வாங்கி 1857-இல் இதை அமைத்தார். தோற்றத்தில் இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் பெரிய வேறுபாடு கிடையாது. எழுத்துப் பொறிப்பில்தான் வித்தியாசம்: 'வால்கேனிக்' என்ற பெயர் மறைந்து, ஊர்ப் பெயரும் காப்புரிமைத் தேதியும் மட்டும் நிற்கும். நிறுவனம் கைமாறும் காலத்தில் மிச்சமிருந்த பாகங்களைப் போட்டு முடித்துக் கொடுப்பது அன்றைய வழக்கம். ஆகவே சின்னக் கலப்பைப் பார்த்தவுடன் போலி என்று கத்த வேண்டாம். கலப்பு எந்தப் பாகத்தில், தேய்மானம் எல்லாப் பாகத்திலும் ஒரே மாதிரியா என்று பார்க்க வேண்டும்.

பிஸ்டல் உற்பத்தி 1860-வாக்கில் நின்றது. அந்த வருடம் அக்டோபர் 16 அன்று டைலர் ஹென்றிக்குப் புதிய காப்புரிமை கிடைத்தது. உலோகக் கூடுள்ள .44 தோட்டா, அதை இழுத்தெடுக்கக் கொக்கி, ஆனால் அதே நெம்புகோல், உள்ளே முழங்கால் போல மடங்கும் அதே மடிப்பு இணைப்பு. ஹென்றி ரைபிள் பிறந்தது. 1866-இல் கம்பெனியின் பெயரே வின்செஸ்டர் ஆனது. இன்னொரு பக்கம் ஸ்மித்தும் வெஸ்ஸனும் 1856-இல் மசாசூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்டில் மறுபடி கூட்டுச் சேர்ந்து, மறு வருடமே .22 ரிவால்வரோடு வந்தார்கள். ஆக, தோற்ற ஒரு பிஸ்டலிலிருந்து இரண்டு மாபெரும் நிறுவனங்கள் கிளைத்தன. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் சேர்ப்பவரும் வின்செஸ்டர் சேர்ப்பவரும் இதே பிஸ்டலுக்காக ஏலத்தில் முட்டிக்கொள்வதும், விலை இறங்காமல் நிற்பதும் அதனால்தான்.

அளவு விஷயத்தில் ஒரு குழப்பம் வரும். ஒரே சிறு பிஸ்டலை ஓர் ஏலப் பட்டியல் .30 என்றும் இன்னொன்று .31 என்றும் சொல்லும். பெரியதை .38 என்றும் .41 என்றும் எழுதுவார்கள். அளந்த முறை வேறு, ஆயுதம் ஒன்றுதான். நியூ ஹேவன் பிஸ்டல்களில் சிறியதற்கு மூன்றரை அல்லது ஆறு அங்குலக் குழல், 'நேவி' எனப்படும் பெரியதற்கு ஆறு அல்லது எட்டு அங்குலம். தோளில் வைக்கும் கட்டையைப் பொருத்திக்கொள்ளும்படி பதினாறு அங்குலக் குழலோடு செய்த நேவியும் உண்டு. அது கைக்கு வந்தால், கட்டை அதே பிஸ்டலுக்கு உரியதுதானா என்பதை நிபுணர் ஒருவர் சொல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். கட்டையால் விலை பல மடங்கு ஏறுவதால் கட்டைகளுக்குப் பிறகு பிறந்த தம்பிகள் அதிகம்.

'நேவி' என்பதால் கடற்படை வாங்கியது என்று நினைத்துவிட வேண்டாம். அது அன்றைய வியாபாரப் பெயர்.

கையில் எடுத்ததும்

முதல் வேலை, உள்ளே தோட்டா இருக்கிறதா என்று பார்ப்பது. பரணிலும் பெட்டியிலும் கிடந்து வந்த பிஸ்டல்களில் பழைய ராக்கெட் பால் இன்னும் கிடக்க வாய்ப்புண்டு. குழலுக்கு அடியில் நீளவாட்டில் ஒரு பிளவு தெரியும். அதன் வழியாகத் தோட்டாக் குழாய்க்குள் பார்க்கலாம். பிறகு முனையை ஆளில்லாத பக்கம் திருப்பி, நெம்புகோலை மெதுவாகத் திறந்து அறையையும், தோட்டாவை மேலே கொண்டுவரும் தூக்கியையும் பாருங்கள். குண்டு ஒன்று மாட்டிக்கொண்டிருந்தால் நோண்ட வேண்டாம், அனுபவமுள்ள துப்பாக்கி வினைஞரிடம் கொடுங்கள். அடியில் வெடிப்புச் சேர்மம் இருக்கிறது; வயதானதால் அது சாதுவாகிவிட்டது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

அடுத்தது இயக்கம். நெம்புகோலைக் கீழே தள்ளினால் உள்ளே மடிப்பு இணைப்பு முழங்கால் போல மடங்கும். பூட்டுத்தண்டு பின்னால் வந்து சுத்தியலைத் தூக்கி நிறுத்தும். அதோடு, தோட்டாவைச் சுமக்கும் பித்தளைத் தூக்கி மேலே எழும். நெம்புகோலைத் திரும்ப இழுத்தால் தண்டு தோட்டாவை அறைக்குள் தள்ளி, இணைப்பு நேராகிப் பூட்டிக்கொள்ளும். இந்த நடையைக் காதால் கேட்கப் பழகுங்கள். தூக்கி பாதியில் நிற்கிறதா, சுத்தியல் தூக்கிய நிலையில் நிற்காமல் நழுவுகிறதா, நெம்புகோல் மூடிய பிறகு தொளதொளவென்று தொங்குகிறதா? மூன்றும் சகஜமான நோய்கள், சரிசெய்யக்கூடியவை. ஆனால் விலையில் கழித்துப் பேச வேண்டியவை. எந்தக் காரணத்துக்காகவும் வெறும் துப்பாக்கியின் விசையை அழுத்திச் சுத்தியலை அடிக்க விடாதீர்கள். பழைய எஃகு வில் ஒருமுறை உடைந்தால் அசல் மாற்று கிடைக்காது. சுத்தியலைக் கட்டைவிரலால் பிடித்து மெல்ல இறக்குங்கள்.

மூன்றாவதாகக் குழல் முனை. தோட்டா நிரப்புவதற்காக முனையிலுள்ள உறை ஒரு பக்கமாகச் சுழலும். தோட்டாக்களைப் பின்னுக்குத் தள்ளும் தள்ளுகட்டையை மேலே ஏற்றி உறைக்குள் கொண்டுபோனால்தான் அது சுழலும். அதிகம் கைபட்ட இடமும், அதிகம் உடைந்த இடமும் இதுதான். தள்ளுகட்டை தொலைந்து, யாரோ ஒருவர் தன் பட்டறையில் புதிதாகச் செய்து போட்டிருப்பது அடிக்கடி காணும் காட்சி. அசலின் விளிம்பு நூற்றாண்டுத் தேய்மானத்தால் மழுங்கியிருக்கும். புதியதில் அரம் ஓடிய கோடு லென்ஸில் தெரியும். பத்து மடங்கு பெருக்கும் நகைக்கடை லென்ஸ் ஒன்று சட்டைப்பையில் இருக்கட்டும்.

குழலின் நீளத்தையும் அளந்துவிடுங்கள். முனை நசுங்கியதால் வெட்டிச் சுருக்கிய குழல்கள் உண்டு. மேலே சொன்ன நீளங்களில் எதிலும் சேராத அளவு வந்தால் விற்பவரிடம் விளக்கம் கேளுங்கள், விளக்கம் எவ்வளவு சுவாரஸ்யமாக இருக்கிறதோ அவ்வளவு எச்சரிக்கையாக இருங்கள்.

எண்களை ஒப்பிடுவதும் அவசியம். ஒரே பிஸ்டலுக்குரிய பாகங்கள் என்று காட்ட உள்பாகங்களில் எண் குத்தியிருப்பார்கள். மரப்பிடியைக் கழற்றாமல் எல்லாம் தெரியாது. விற்பவரின் அனுமதியோடு, திருகாணியின் பள்ளத்துக்குச் சரியாகப் பொருந்தும் திருப்புளியால் மட்டும் கழற்றுங்கள். அகலம் குறைந்த திருப்புளி வழுக்கிப் பித்தளையில் கீறினால் சில நூறு டாலர் போச்சு. திருகாணித் தலைகளே ஒரு வாக்குமூலம்தான்: பள்ளம் கூர்மையாகக் கலையாமல் இருந்தால் அதிகம் யாரும் உள்ளே போகவில்லை, பள்ளம் சிதைந்திருந்தால் எத்தனை பேர் போனார்களோ.

மினுமினுப்பு

புதியவரிடம் பணம் பறிப்பது பெரும்பாலும் முழுப் போலிகள் அல்ல, 'புதுப்பித்த' அசல்கள்தான். பித்தளைச் சட்டத்தைத் துணிச்சக்கரத்தில் பிடித்துப் பொன்போல் ஆக்கிவிடுவார்கள். அப்போது கூர்விளிம்புகள் உருண்டுபோகும், திருகாணி ஓட்டைகளின் ஓரம் குழிந்து கிண்ணம் போலாகும், எழுத்துகளின் ஒரு பக்கம் மட்டும் ஆழம் குறைந்திருக்கும். காலம் தந்த கடுகுமஞ்சள் நிறமும் மடிப்புகளில் தங்கிய கறுப்பும் கீறல்களின் வரலாறும் போய்விடும். குழலுக்குப் புதிதாக நீலப்பூச்சு ஏற்றினாலும் அதே கதி. அசல் பூச்சு மங்கிப் பழுப்பாகும்போது சமமாக மங்காது: கை படாத மூலைகளில், இணைப்புகளின் நிழலில் நீலம் மிஞ்சும்; கையும் உறையும் உரசிய மேல்பரப்பில் போயிருக்கும். எங்கும் ஒரே அளவு நீலமாக இருக்கும் குழல், என் பார்வையில், எங்கும் ஒரே அளவு பழுப்பாக இருக்கும் குழலைவிட மோசம்.

கொடிவேலைப்பாடு இன்னொரு பொறி. வேலைப்பாடுள்ள நியூ ஹேவன் பிஸ்டல்கள் அசலாகவே உண்டு, வெள்ளிப் பூச்சோடும் உண்டு, விலையும் அதற்கேற்ப. வெறும் சட்டத்தில் பிற்காலத்தில் செதுக்கினால் லாபம் என்பதால் செதுக்குகிறார்கள். செதுக்கிய கோட்டுக்குள் லென்ஸ் வைத்துப் பாருங்கள். சட்டத்தின் மேலே உள்ள பழைய கீறல் வேலைப்பாட்டின் கோட்டுக்குள்ளும் தொடர்ந்து இறங்கி ஏறினால் செதுக்கல் பழையது. கீறலைச் செதுக்கல் வெட்டிக்கொண்டு போனால் செதுக்கியது பிறகு.

தந்தப் பிடி போட்ட பிஸ்டலை வாங்குமுன் அமெரிக்காவின் கூட்டாட்சிச் சட்டமும் அந்தந்த மாநிலச் சட்டமும் தந்த விற்பனையைப் பற்றி என்ன சொல்கின்றன என்று விசாரியுங்கள். ஆயுதத்துக்குத் தடையில்லாமல் பிடிக்குத் தடை வரும் வேடிக்கை நடக்கும்.

தரமும் விலையும்

அமெரிக்காவில் பழந்துப்பாக்கியின் நிலையைக் குறிக்க நேஷனல் ரைபிள் அசோசியேஷனின் தர அளவுகோலைப் பயன்படுத்துகிறார்கள். எல்லாம் அசல் பாகங்களாக இருந்து அசல் பூச்சு 80 சதவீதத்துக்கு மேல் மிஞ்சினால் 'எக்ஸலன்ட்'. 30 சதவீதத்துக்கு மேல் என்றால் 'ஃபைன்'. அதற்கும் கீழே, ஆனால் பாகங்கள் அனைத்தும் அசல் என்றால் 'வெரி குட்'. சிறு பாகங்கள் மாற்றப்பட்டிருந்தால் 'குட்' என்று இறங்கும். கவனியுங்கள், பூச்சு அறவே இல்லாத, முழுக்க அசலான பிஸ்டல், அழகாகப் புதுப்பித்ததைவிட மேலே நிற்கிறது. விற்பவர் வாயால் சொல்லும் 'எக்ஸலன்ட்'டுக்கும் இந்த அளவுகோலுக்கும் சம்பந்தம் இருக்க வேண்டிய கட்டாயமில்லை. எந்த அடிப்படையில் சொல்கிறார் என்று கேளுங்கள்.

சாதாரண நிலையிலுள்ள சிறிய பாக்கெட் பிஸ்டலே சில ஆயிரம் டாலருக்குக் குறையாது. நேவி அதற்கு மேல், நார்விச் .41, வேலைப்பாடு, அசல் பெட்டி என்று போனால் எல்லை தெரியாது. நார்மன் ஃப்ளேடர்மேன் தொகுத்த அமெரிக்கப் பழந்துப்பாக்கிக் கையேட்டை ஒவ்வொரு சேகரிப்பாளரும் வைத்திருப்பார். அதன் வகைப்பாட்டை நம்பலாம். விலைப் பட்டியலை நம்ப வேண்டாம், பழசாகிவிட்டது. இன்றைய விலைக்கு ராக் ஐலண்ட் போன்ற பெரிய ஏல நிறுவனங்களின் முடிந்த விற்பனைப் பட்டியல்களைத்தான் பார்க்க வேண்டும். அதிலும் வாங்குபவர் தனியாகக் கட்டும் கமிஷன் சேர்ந்த தொகையா, சேராததா என்று பார்த்து ஒப்பிடுங்கள்.

பிற்கால வின்செஸ்டர்களில் பலவற்றுக்கு வயோமிங்கின் கோடி நகர அருங்காட்சியகம் பழைய தொழிற்சாலைப் பதிவேட்டிலிருந்து சான்றுக் கடிதம் தருகிறது. அந்தப் பதிவேடுகள் வால்கேனிக் காலம் வரை போகவில்லை. ஆகவே "கோடி கடிதம் உண்டு" என்று ஒருவர் வால்கேனிக்கோடு வந்தால் கடிதத்தை நிதானமாகப் படியுங்கள். இந்தப் பிஸ்டல்களுக்குச் சான்று, பிஸ்டலும் அது கைமாறிய காகிதங்களும்தான்.

பணம் குறைவு, ஆனாலும் நெம்பும் பிஸ்டல் வேண்டும் என்பவர்களுக்கு ரெமிங்டன்-ரைடர் மேகசின் பிஸ்டலைப் பரிந்துரைக்கலாம். 1871 காப்புரிமை, .32 தோட்டா, குழலுக்கடியில் தோட்டாக் குழாய். வளைய நெம்புகோல் கிடையாது. பின்பக்க அடைப்பைக் கட்டைவிரலால் அமுக்கி இழுக்க வேண்டும். தூய்மைவாதிகள் இதை இந்தக் குடும்பத்தில் சேர்க்க மாட்டார்கள். நான் சேர்ப்பேன். ஆனால் ரைபிளை வெட்டிக் கைத்துப்பாக்கியாக்கிய 'மேர்ஸ் லெக்'கைச் சேர்க்கவே மாட்டேன். அது 1958-இல் தொடங்கிய 'வாண்டட்: டெட் ஆர் அலைவ்' தொலைக்காட்சித் தொடருக்காக உருவானது; பழம்பொருள் என்று யாராவது விற்றால் சிரித்துவிட்டு நகருங்கள்.

சட்டம்

அமெரிக்காவின் 1968-ஆம் ஆண்டு துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி 1898-இலோ அதற்கு முன்போ செய்யப்பட்ட துப்பாக்கி பழம்பொருள் வகையைச் சேர்ந்தது. வால்கேனிக் குடும்பம் முழுவதும் அதற்குள் வந்துவிடும். கூட்டாட்சி உரிமம் பெற்ற வணிகர் வழியாகத்தான் வாங்க வேண்டும் என்ற விதி இவற்றுக்கு இல்லை. மாநிலமும் நகரமும் தனி விதி வைத்திருக்கலாம், உங்கள் ஊரில் கேட்டுவிடுங்கள்.

இந்தியாவில் வசிப்பவர்கள் இந்தத் தளர்வை இங்கேயும் எதிர்பார்க்கக் கூடாது. 1959 ஆயுதச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு பழம்பொருள் மதிப்புள்ள ஆயுதத்துக்கு விலக்குத் தருகிறது, ஆனால் பழுதுபார்த்தும் பார்க்காமலும் சுடவே முடியாத நிலையில் அது இருந்தால்தான். நன்றாக இயங்கும் வால்கேனிக்குக்கு அந்த விலக்கைக் கோர முடியாது. வெளிநாட்டில் ஏலத்தில் எடுத்துவிட்டு, கொண்டுவருவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் முதலில் வழக்கறிஞரைப் பாருங்கள்.

வீட்டில்

வாங்கி வந்ததும் பித்தளையைத் துலக்க எழும் ஆசையை அடக்குங்கள். புளியும் வேண்டாம், பாலிஷும் வேண்டாம். உலர்ந்த பருத்தித் துணியால் தூசி தட்டி, அருங்காட்சியகங்களில் பயன்படுத்தும் நுண்படிக மெழுகை மெல்லிய படலமாகத் தடவினால் போதும். பிரிட்டிஷ் மியூசியத்தில் உருவான ரெனைசான்ஸ் மெழுகு எளிதில் கிடைக்கிறது. தொடும்போது பருத்திக் கையுறை போடுங்கள். வியர்வையின் உப்பு குழலில் விரல் ரேகையைத் துருவாக எழுதிவிடும். பழைய தோலுறையிலேயே வைத்திருந்தால் பார்க்க அழகுதான், ஆனால் பதப்படுத்திய தோல் ஈரத்தை இழுத்து உலோகத்தை அரிக்கும். உறையைத் தனியே வையுங்கள். ஈரப்பதம் 45 முதல் 50 சதவீதத்துக்குள் மாறாமல் நிற்கும் பெட்டகம் நல்லது. ஏறி இறங்கும் ஈரம்தான் மரப்பிடியை விரிசல் விட வைக்கும்.

ராக்கெட் பால் தனியாகவோ அசல் பெட்டியோடோ விற்பனைக்கு வரும். ஒன்றிரண்டு பக்கத்தில் வைத்தால் பிஸ்டலின் கதை முழுமையாகும். வெடிமருந்து உள்ளே இருப்பதால் அனுப்புவதற்கும் வைப்பதற்கும் வெடிபொருள் விதிகள் பொருந்தும். மருந்து அகற்றியதைத் தேடி வாங்குவது நிம்மதி.

ஒவ்வொரு பிஸ்டலுக்கும் ஒரு கோப்பு போடுங்கள். இரண்டு பக்கமும், மேலும் கீழும், குழல் பொறிப்பும், பிடிக்கடியிலுள்ள எண்களும் சாய்ந்த வெளிச்சத்தில் எடுத்த படங்கள், வாங்கிய ரசீது, முந்தைய உரிமையாளர் எழுதித் தந்த இரண்டு வரி, எந்தப் பாகம் மாற்றப்பட்டது என்று உங்களுக்குத் தெரிந்தது. கடைசியாகச் சொன்னதைப் பலர் எழுதாமல் விடுகிறார்கள், விற்கும்போது விலை குறையுமே என்ற பயத்தில். எழுதுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்குக் கோப்பின் நகல் ஒன்றைக் கொடுத்து, மதிப்பீட்டை மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொள்ளுங்கள். வீட்டுக் காப்பீட்டில் இது தானாகச் சேராது, தனியாகப் பட்டியலிட வேண்டும்.